நால்வகைக் குற்றம்: 1945-46 குளிர்காலத்தில் ஹைடல்பெர்க் வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வி

1945ஆம் ஆண்டுக் கோடையில், போரில் தோற்ற ஜெர்மனியின் ஊர்ச்சுவர்களில் ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டது. பெல்சன் வதைமுகாமில் எடுக்கப்பட்ட படங்கள் அதில் இருந்தன. அவற்றோடு, 'இது உங்கள் குற்றம்' என்னும் பொருள்படும் ஒரு வரியும் இருந்தது. அந்தச் சுவரைக் கடந்துபோனவர்கள் பலதரப்பட்டவர்கள்: ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண், போர்முனையில் காலை இழந்து திரும்பிய இளைஞன், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஹிட்லரின் புகழைக் கற்பித்த ஆசிரியர், அதே ஹிட்லரை எதிர்த்ததற்காக முகாமில் அடைபட்டு உயிர்பிழைத்து வந்த தொழிலாளி. 'உங்கள்' என்ற சொல் இவர்களில் யாரைக் குறிக்கிறது?

இந்தக் கேள்வியை ஒரு பல்கலைக்கழக வகுப்பறைக்குள் கொண்டுவந்து, பொறுமையாகப் பிரித்துப் பார்த்தவர் கார்ல் யாஸ்பர்ஸ் என்ற மெய்யியல் பேராசிரியர். அந்தச் சுவரொட்டியில் அதை ஒட்டியவரின் கையெழுத்துகூட இல்லை, வெற்றுவெளியிலிருந்து வந்ததுபோல் அது வந்தது என்று அவர் குறிப்பிட்டார். குற்றம் சாட்டுபவர் யார், எந்த மன்றத்தின் முன் சாட்டுகிறார், எதை எதிர்பார்த்துச் சாட்டுகிறார் என்பது தெளியாதவரை, சாட்டப்பட்டவர் மறுப்பதற்கே முனைவார் என்பதை அவர் கண்டுகொண்டார். 1945-46 குளிர்காலப் பருவத்தில் ஹைடல்பெர்க்கில் அவர் ஆற்றிய விரிவுரைகளின் ஒரு பகுதி 1946இல் நூலாக வந்தது. 'குற்றம் பற்றிய கேள்வி' என்பது அதன் தலைப்பின் பொருள். அதில் அவர் வகுத்துக்காட்டிய நால்வகைக் குற்றம் என்ற பாகுபாட்டை, அது பிறந்த சூழலோடு சேர்த்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். ஜெர்மன் மொழியில் 'ஷுல்ட்' என்ற ஒரே சொல் குற்றத்தையும் குறிக்கும், கடனையும் குறிக்கும். தமிழில் நாம் குற்றம், பழி, பொறுப்பு, கடன் என்று வெவ்வேறு சொற்களை வைத்திருக்கிறோம். ஆயினும் சினம் மேலிடும்போது எல்லாவற்றையும் ஒன்றாகவே குழப்பிக்கொள்கிறோம். ஒருவரைக் 'குற்றவாளி' என்றோ, ஒரு மக்கள் கூட்டத்தையே 'பழிகாரர்' என்றோ சொல்லும்போது எந்தப் பொருளில் சொல்கிறோம் என்று நின்று கேட்பதில்லை. யாஸ்பர்ஸ் அப்படி நின்று கேட்டார்.

பேசியவரும் கேட்டவர்களும்

1883இல் பிறந்த யாஸ்பர்ஸ் முதலில் மனநோய் மருத்துவர். பிறகு ஹைடல்பெர்க்கில் மெய்யியல் பேராசிரியரானார். அவருடைய மனைவி கெர்ட்ரூட் யூதர். அவரை விட்டுப் பிரிய மறுத்த காரணத்தால் 1937இல் யாஸ்பர்ஸ் பணியிலிருந்து விலக்கப்பட்டார். அடுத்த ஆண்டு முதல் நூல் வெளியிடவும் தடை வந்தது. பிடித்துச் செல்லப்படும் நாள் வந்தால் இருவரும் சேர்ந்தே இறப்பது என்று நஞ்சைக் கைவசம் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். 1945 ஏப்ரல் 14 அன்று அவர்களை நாடுகடத்துவதாகத் திட்டமிருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு அமெரிக்கப் படை நகருக்குள் நுழைந்துவிட்டதால் உயிர் தப்பினார்கள்.

ஹைடல்பெர்க் பெரிய குண்டுவீச்சுக்குத் தப்பிய ஊர். பின்வாங்கிய ஜெர்மன் படையே நெக்கார் ஆற்றுப் பழைய பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போனதைத் தவிர, தெருக்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. பல்கலைக்கழகக் கட்டடங்களும் நின்றன. ஆனால் உள்ளே சிதைவு இருந்தது. புதிய கட்டடத்தின் வாசலுக்கு மேலே 'உயிருள்ள ஆன்மாவுக்கு' என்றொரு வாசகம் முன்பு பொறிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கர்களின் நன்கொடையில் எழுந்த கட்டடம் அது. வாசகத்தைத் தந்தவர் குண்டோல்ஃப் என்ற யூத இலக்கியப் பேராசிரியர். நாஜிகள் அதை அகற்றி 'ஜெர்மானிய ஆன்மாவுக்கு' என்று மாற்றினார்கள். ஒரே ஒரு அடைமொழி மாறியது. அந்த மாற்றத்துக்குள் பல்கலைக்கழகத்தின் பன்னிரண்டு ஆண்டுக் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. போருக்குப் பின் பழைய வாசகம் திரும்பவும் ஏறியது. வாசலில் எழுத்தை மாற்றிவிடலாம்; உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

1945 ஆகஸ்டில் மருத்துவப் படிப்பும், 1946 ஜனவரியில் பிற துறைகளும் திறக்கப்பட்டன. பிறந்ததிலிருந்து பாதி வாழ்நாளை ஹிட்லர் ஆட்சியில் கழித்தவர்களே மாணவர்களாக வந்தார்கள். பலர் படையிலிருந்து திரும்பியவர்கள், உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர்கள், கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வீடிழந்தவர்கள். நிலக்கரித் தட்டுப்பாட்டில் அறைகள் குளிர்ந்துகிடந்தன. உணவு பங்கீட்டு அட்டைக்கு மட்டுமே கிடைத்தது. 1945 நவம்பர் 20 முதல் நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள் மீதான விசாரணை நடந்துகொண்டிருந்தது. செய்தித்தாளில் ஒவ்வொரு நாளும் அதுவே செய்தி. இத்தனை இழப்பைச் சுமந்து வந்தவனிடம் 'நீயும் குற்றவாளி' என்று சொன்னால் அவன் செவி மூடிக்கொள்ளும். ஆகவே யாஸ்பர்ஸ் குற்றச்சாட்டோடு தொடங்காமல் ஒரு வேண்டுகோளோடு தொடங்கினார்: ஒருவரோடொருவர் பேசக் கற்றுக்கொள்வோம். சொந்தக் கருத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிப்பதை விட்டு, எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பதும், அவர் நிலையில் நின்று பார்ப்பதும் பேச்சில் அடங்கும் என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் மேடையிலிருந்து முழக்கம் மட்டுமே கேட்ட நாட்டில், பொது விவாதம் என்பதை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

நான்கு குற்றங்கள், நான்கு மன்றங்கள்

யாஸ்பர்ஸின் பாகுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு திறவுகோல் உண்டு. ஒவ்வொரு குற்றத்துக்கும், 'இதைத் தீர்ப்பிடும் உரிமை யாருக்கு?' என்று கேட்க வேண்டும். மன்றம் மாறினால் குற்றமும் மாறும்.

முதலாவது சட்டக் குற்றம். சட்டத்தை மீறிய செயல்; சான்றுகளால் நிறுவத்தக்கது; நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்; விளைவு தண்டனை. நியூரம்பர்க்கில் நடந்தது இது. இதில் விளக்க அதிகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சட்டக் குற்றம் எப்போதும் தனிமனிதருடையது. ஒரு மக்களினத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது.

இரண்டாவது அரசியல் குற்றம். ஓர் அரசு செய்த கொடுமையின் விளைவை அந்த அரசின் குடிமக்கள் அனைவரும் ஏற்க வேண்டும் என்பது இதன் சாரம். இங்கே தீர்ப்பிடுவது வென்றவரின் அதிகாரம். விளைவு இழப்பீடு கொடுப்பதும் அரசியல் உரிமை குறைவதும். 'நான் ஹிட்லருக்கு வாக்களிக்கவில்லையே' என்பவருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. இது அநியாயம் என்று தோன்றும். அப்படி நினைப்பவர்கள் நம் ஊர் வழக்கம் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். தந்தை கடன் வாங்கிவிட்டு இறந்துபோகிறார். மகன் நிலத்தை விற்று அதை அடைக்கிறான். கடன் பத்திரத்தில் மகனின் கைநாட்டு இல்லை. கடனை வாங்கிய குற்றமும் அவனுடையது இல்லை. ஆனால் அந்த வீட்டில் உண்டு வளர்ந்தவன் என்பதால் பொறுப்பு அவனுடையது. யாரும் அவனைக் கெட்டவன் என்று சொல்வதில்லை, அடைக்காவிட்டால்தான் சொல்வார்கள். அரசியல் பொறுப்பு ஏறக்குறைய இத்தகையது. அதை ஏற்பதால் ஒருவர் கொலைகாரர் ஆகிவிடுவதில்லை. இந்த வேறுபாடு தெளிவானால், 'நான் கொலை செய்யவில்லை, ஆகவே எனக்கு எதிலும் பங்கில்லை' என்ற வாதமும், 'நீ ஜெர்மானியன், ஆகவே கொலைகாரன்' என்ற வாதமும் ஒருசேர விழுந்துவிடும்.

மூன்றாவது அறக் குற்றம். தனிமனிதர் செய்த ஒவ்வொரு செயலுக்கும் அவரே பொறுப்பு. 'மேலிடத்து உத்தரவு' என்பது இங்கே செல்லாது. மன்றம் அவரவர் மனச்சான்று. அதற்கு அப்பால், அன்போடு கேட்கக்கூடிய நெருங்கிய நண்பர் மட்டுமே இதைப் பற்றிப் பேசலாம். வெளியாள் ஒருவர் மற்றொருவரின் மனச்சான்றுக்குள் நுழைந்து தீர்ப்பிடக் கூடாது.

யாஸ்பர்ஸ் இங்கே காட்டிய எடுத்துக்காட்டுகள் மிகச் சிறியவை. சிறியவை என்பதாலேயே குத்துபவை. அஞ்சல் நிலையத்தில், அலுவலகத்தில், கூட்டத்தில் மனமில்லாமலே கையை உயர்த்தி ஹிட்லருக்கு வணக்கம் சொன்னது. வேலை போய்விடக் கூடாதே என்று கட்சியில் சேர்ந்தது. 'கொடுமைகள் இருக்கலாம், ஆனால் நல்லதும் இருக்கிறதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நேர்ந்ததைப் பார்க்காததுபோல் இருந்தது. இவற்றுக்கு எந்த நீதிமன்றமும் தண்டனை தராது, தரவும் கூடாது. ஆனால் அறையில் தனியே இருக்கும்போது ஒருவர் தம்மிடம் இதைக் கேட்டுக்கொள்ளாமல் இருந்தால், அவரிடமிருந்து புதிய நாடு எதுவும் பிறக்காது என்று யாஸ்பர்ஸ் கருதினார்.

நான்காவதுதான் கடினம். தத்துவ நூல்களில் 'மெட்டாஃபிசிகல்' என்று வழங்கும் சொல்லை அவர் இதற்கு இட்டார். நாம் இங்கே 'மனிதநிலைக் குற்றம்' என்று அழைப்போம். மனிதர் என்ற ஒரே காரணத்தால் மனிதருக்கிடையே ஓர் உறவு உண்டு. உலகில் எங்கு அநீதி நடந்தாலும், குறிப்பாக என் கண்ணெதிரே நடந்தால், அதில் எனக்கும் பங்குண்டு. மற்றவர் கொல்லப்பட்டபோது என் உயிரைப் பணயம் வைத்துத் தடுக்க நான் முயலவில்லை. அவர் இறந்தார், நான் இருக்கிறேன். இந்த உணர்வுக்குச் சட்டத்திலும் பெயரில்லை, அரசியலிலும் பெயரில்லை. பயனின்றிச் சாகும்படி எவருக்கும் அறம் கட்டளையிடுவதில்லை என்பதால் அறத்தாலும் இதை முழுதாக அளக்க முடியாது. இதற்கு மன்றம் கடவுள் ஒருவரே என்றார் யாஸ்பர்ஸ்.

இதை அவர் ஏட்டிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. 1945 ஆகஸ்டில், மருத்துவப் படிப்பு தொடங்கிய விழாவிலேயே, நாம் உயிரோடு இருப்பதே நம் குற்றம் என்று பேசியிருந்தார். நம் யூத நண்பர்களை இழுத்துச் சென்றபோது நாம் தெருவில் இறங்கிக் கூச்சலிட்டு நம்மையும் அழித்துக்கொள்ளவில்லை. நாம் இறந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது என்ற வலுவற்ற, ஆனால் சரியான காரணத்தைச் சொல்லி உயிரோடு இருப்பதைத் தேர்ந்துகொண்டோம் என்பது அப்பேச்சின் சாரம். இதைச் சொன்னவர் யார் என்பதை மறக்கக் கூடாது. பணியை இழந்து, நஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியைக் கைவிடாமல் எட்டாண்டு வாழ்ந்தவர் அவர். 'நான் பாதிக்கப்பட்டவன், இந்தக் கணக்கில் என்னைச் சேர்க்காதீர்கள்' என்று அவர் விலகி நின்றிருந்தால் ஒருவரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 'நாம்' என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த விரிவுரைகளை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உயிரைப் பணயம் வைத்தவர்கள் இல்லாமலும் இல்லை. 1943 பிப்ரவரி 18 அன்று மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஹிட்லருக்கு எதிரான துண்டறிக்கைகளை வைத்த ஹான்ஸ் ஷோல், அவருடைய தங்கை சோஃபி ஷோல் இருவரும் பல்கலைக்கழகப் பணியாளர் ஒருவரால் பிடித்துக் கொடுக்கப்பட்டு, நான்கே நாளில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சோஃபிக்கு அப்போது வயது 21. ஏறக்குறைய மூன்றாண்டு கழித்து அதே வயதில் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த மாணவருக்கு நான்காம் வகைக் குற்றம் என்பது வெறும் தத்துவச் சொல்லாக இருந்திருக்க முடியாது.

மாணவர்களும் நாடும் எப்படி ஏற்றார்கள்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. விரிவுரை பிடித்தால் மாணவர்கள் கைமுட்டியால் மேசையைத் தட்டுவார்கள்; பிடிக்காவிட்டால் காலைத் தரையில் தேய்த்து ஒலி எழுப்புவார்கள். 1946 ஜனவரியில், எட்டாண்டு சிறையிலும் முகாமிலும் கழித்த மதகுரு மார்ட்டின் நீமெல்லர் எர்லாங்கன் நகரத் தேவாலயத்தில் மாணவர்களிடையே குற்றத்தைப் பற்றிப் பேசியபோது, எழுந்தது கால் தேய்க்கும் ஒலியே. அந்தச் செய்தி நாடெங்கும் பரவி, மாணவர்கள் இன்னும் நாஜிகளாகவே இருக்கிறார்களா என்ற பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர்கள் எல்லோரும் நாஜிகளாக இருந்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மறுத்தவர்களில் பலருக்கு, எந்தக் குற்றம் தங்கள் மீது சாட்டப்படுகிறது என்பதே பிரித்துச் சொல்லப்படவில்லை.

ஆட்சியாளர்கள் வேறொரு முறையைக் கையாண்டார்கள். போருக்குப் பின் அமெரிக்கப் படை ஆண்ட ஜெர்மன் பகுதியில் பொறுப்பான பணிகளில் இருப்பவர்களும் சேர விரும்புபவர்களும் 131 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 1946 மார்ச் 5 அன்று வந்த சட்டம் மக்களை ஐந்து வகையாகப் பிரித்தது: முதன்மைக் குற்றவாளி, கறைபட்டவர், குறைவாகக் கறைபட்டவர், கூட்டத்தோடு போனவர், கறையற்றவர். ஜெர்மானியர்களையே கொண்டு அமைத்த தீர்ப்பாயங்கள் வகைப்படுத்தின. 'இவர் நல்லவர், உள்ளூர எதிர்த்தவர்' என்று பாதிரியாரிடமோ அண்டைவீட்டாரிடமோ சான்றுக்கடிதம் வாங்கிவரும் வழக்கம் பெருகியது. துணி வெளுக்கும் பெர்சில் சோப்புத்தூளின் பெயரால் மக்கள் அதற்குப் 'பெர்சில் சான்றிதழ்' என்று பெயர் வைத்தார்கள். வகைப்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் 'கூட்டத்தோடு போனவர்' ஆனார்கள். யாஸ்பர்ஸின் பாகுபாட்டை அறிந்தவருக்கு இங்கே என்ன கோளாறு என்பது விளங்கும். மனச்சான்றின் முன் தீர வேண்டிய அறக் குற்றத்தை ஒரு படிவத்தால் அளக்கப் பார்த்தார்கள். படிவத்தில் முத்திரை விழுந்ததும், மனச்சான்றுக்கும் விடுதலை கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொண்டார்கள்.

யாஸ்பர்ஸ் தம் சகப் பேராசிரியர்களைப் பற்றிய முடிவுகளிலும் பங்கெடுக்க வேண்டியிருந்தது. 1933இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத் தலைவராகப் பொறுப்பேற்று நாஜி ஆட்சியைப் போற்றிய தத்துவப் பேராசிரியர் மார்ட்டின் ஹைடெக்கர் அவருடைய பழைய நண்பர். 1945 டிசம்பரில் கருத்துக் கேட்கப்பட்டபோது, அவர் எழுதுவதற்கு வசதி செய்து தரலாம், ஆனால் சில ஆண்டுகளுக்கு வகுப்பெடுக்க விடக் கூடாது என்று யாஸ்பர்ஸ் எழுதினார். நாஜிக் கல்வியில் வளர்ந்து, தனித்துச் சிந்திக்கப் பழகாத மாணவர்களிடம் அந்தக் கற்பித்தல் கேடு விளைக்கும் என்பது அவர் தந்த காரணம். நண்பரின் மனச்சான்றுக்குத் தீர்ப்பெழுதாமல், மாணவரைக் காக்கும் பொறுப்பை மட்டும் பேசும் கடிதம் அது.

பாகுபாட்டுக்கு மறுப்பும் வந்தது. மிகக் கூர்மையான மறுப்பு அவருடைய முன்னாள் மாணவி ஹன்னா அரென்ட்டிடமிருந்து, 1946 ஆகஸ்டில் நியூயார்க்கிலிருந்து கடிதமாக வந்தது. நாஜித் தலைவர் கோரிங்கைத் தூக்கிலிடுவது தேவைதான், ஆனால் அது முற்றிலும் போதாது. இந்தக் குற்றம் எல்லாச் சட்ட அமைப்புகளையும் உடைத்துக்கொண்டு வெளியே போகிறது என்று அவர் எழுதினார். அதாவது, 'சட்டக் குற்றம்' என்ற முதல் பெட்டிக்குள் இதை எப்படி அடைப்பீர்கள் என்பது கேள்வி. அக்டோபரில் யாஸ்பர்ஸ் விடையெழுதினார். எல்லா எல்லையும் கடந்த குற்றம் என்று சொல்லும்போது அதற்கு ஒரு பேயுருவப் பெருமை வந்துவிடுகிறது. இவர்களை அவர்களுடைய முழு அற்பத்தனத்தோடு பார்க்க வேண்டும். நுண்ணுயிர்கள் நாடுகளையே அழிக்கும் கொள்ளைநோயைப் பரப்பலாம், ஆனாலும் அவை வெறும் நுண்ணுயிர்களே என்றார். இருவரும் எளிதில் உடன்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து 'அற்பத்தனம்' என்ற அதே கருத்து அரென்ட்டின் பெயரோடு உலகெங்கும் பேசப்பட்டது.

1948இல் யாஸ்பர்ஸ் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பலர் அதைக் கைவிடல் என்று பேசினார்கள். தொடர்ந்த ஆண்டுகளில் ஜெர்மனி கட்டடங்களையும் தொழிற்சாலைகளையும் எழுப்புவதில் மூழ்கியது. இரண்டாம் வகைக் குற்றத்துக்கு ஓரளவு விடை கிடைத்தது: 1952 செப்டம்பர் 10 அன்று லக்சம்பர்க்கில் கையெழுத்தான ஒப்பந்தப்படி மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. மூன்றாம் வகையைப் பற்றி வீடுகளில் பேச்சே எழவில்லை. 1967 நவம்பரில் ஹாம்பர்க் பல்கலைக்கழக விழாவில், பேராசிரியர் அங்கிகளுக்கு அடியில் ஆயிரமாண்டுப் புழுக்கம் என்று எழுதிய பதாகையோடு மாணவர்கள் முன்னே நடந்தபோதுதான், பேராசிரியர்களையும் பெற்றோரையும் நோக்கி அந்தக் கேள்வி உரக்க எழுந்தது. 'ஆயிரமாண்டு' என்பது ஹிட்லர் தம் ஆட்சிக்குச் சொல்லிக்கொண்ட ஆயுள்.

முதல் வகைக்கு மட்டும் ஒரு கால எல்லை இருந்தது. அன்றைய ஜெர்மன் சட்டத்தில் கொலைக் குற்றம் 20 ஆண்டில் காலாவதியானது. அந்தக் கணக்கில் 1965 மே மாதத்தோடு நாஜிக் கொலைகளை விசாரிக்கும் வழி அடைபட்டிருக்கும். இனப்படுகொலைக்குக் காலாவதி கிடையாது என்று அப்போது 82 வயதான யாஸ்பர்ஸ் வாதாடினார். நாடாளுமன்றம் கணக்கைத் தள்ளிவைத்தது. 1969இல் அவர் இறந்தார். 1979இல் கொலைக்குக் காலாவதி என்பதே முற்றிலும் நீக்கப்பட்டது. அதனால்தான் 2022 டிசம்பரில், ஷ்டுட்ஹோஃப் முகாம் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த 97 வயது மூதாட்டிக்கு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தையாக இருந்தார் என்று தீர்ப்பு வழங்க முடிந்தது. குற்றம் நடந்தபோது அவருக்கு வயது 18, 19 என்பதால் வழக்கு இளையோர் நீதிமன்றத்தில் நடந்தது. விசாரணைக் காலம் முழுவதும் வாய் திறக்காதவர், இறுதியில் சில சொற்கள் மட்டும் பேசினார்: நடந்தவை அனைத்துக்கும் வருந்துவதாகவும், அந்தக் காலத்தில் ஷ்டுட்ஹோஃபில் இருந்ததற்கு வருந்துவதாகவும், அதற்கு மேல் தம்மால் எதுவும் சொல்ல முடியாது என்றும்.